நுரையீரலில் பதினோரு உருண்டைகள்

1

இந்த வருடமும் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி கடைசியில் ஹாம்பர்க் மருத்துவமனையிலிருந்து வரும் கடிதம். இன்ன தேதி, இன்ன நேரம், நுரையீரல் ஸ்கேன், பழைய படங்களைக் கொண்டுவரவும். இது ஐந்தாவது. முதல் கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் ரொட்டி டப்பாவின் மேல் வைத்திருந்தேன். இப்போதெல்லாம் கரண்ட் பில் மாதிரி பிரித்துப் பார்க்கிறேன்.

திருவொற்றியூரில் என்னைத் தெரிந்தவர்கள், ‘எஸ்தருக்குக் கேன்சர் வந்து ஆண்டவர் சுகமாக்கிட்டாரு’ என்று பேசிக்கொள்கிறார்களாம். தம்பி சாமுவேல் சொன்னான். ஊருக்கு வரும்போது சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆள் விட்டும் கேட்டார்கள். எனக்குக் கேன்சர் வரவில்லை. வராதது எப்படிச் சுகமாகும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் விளக்கி அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்தவர். இப்போது கடை சாமுவேலிடம். என் கணவர் தாமஸ் கப்பல் எஞ்சின் பழுது பார்ப்பவர். அவருக்கு ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் வேலை கிடைத்தபோது எங்கள் மகள் ரூத்துக்கு மூன்று வயது. பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கு தோல் சீவுவதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

2

ஐந்து வருடத்துக்கு முன்பு, வேலைக்குப் போகும்போது சைக்கிளோடு பனியில் வழுக்கி விழுந்தேன். தோள்பட்டையில் நல்ல அடி. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் தோளைப் படம் எடுத்தால் நுரையீரலின் மேல்பகுதியும் ஓரமாக விழும். அந்த ஓரத்தில் இரண்டு வட்டமான நிழல்கள் இருந்தன.

அடுத்த வாரம் முழு ஸ்கேன். இரண்டு நுரையீரலிலும் சேர்த்துப் பதினோரு உருண்டைகள். பெரியது சின்ன நெல்லிக்காய் அளவு, மற்றவை மிளகிலிருந்து சுண்டைக்காய் வரை. எனக்கு இருமல் கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது, எடை குறையவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டரைப் பார்க்கப் போனபோது ரூத் கூட வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பத்து வயதிலிருந்தே எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் அவள்தான். வாடகை வீட்டுக்காரர், வரி அலுவலகம், அவளுடைய வகுப்பாசிரியர், எல்லோரிடமும் எங்களுக்காக அவளே பேசுவாள். அவளைப் பற்றி ஆசிரியர் சொன்ன குறைகள் எதுவுமே எங்கள் காதுக்கு வந்ததில்லை.

காத்திருக்கும் அறையில் நாலு பக்க ஃபாரம் கொடுத்தார்கள். ரூத் மடியில் வைத்து மளமளவென்று நிரப்பினாள்.

“ஆபரேஷன் எதாவது பண்ணியிருக்கான்னு கேக்குறாங்கம்மா. நான் பொறந்தப்ப சிசேரியன். அது மட்டும்தானே?”

“ம்,” என்றேன்.

நான் சொன்ன அந்த ஒற்றை எழுத்துக்கு ஐந்து வாரம் செலவாயிற்று.

3

டாக்டர் ஐம்பதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி உருண்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். புகை பிடிப்பேனா, காசநோய் வந்திருக்கிறதா, எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார். திருவொற்றியூர் என்றதும் வரைபடத்தில் தேடினார். மேலேயிருந்து எடுத்த படத்தில் எண்ணூர்ப் பக்கம் சாம்பல் நிறத்தில் அகலமாக ஏதோ தெரிந்தது. அது என்ன என்றார்.

“அனல்மின் நிலையத்துச் சாம்பல்,” என்றேன். ரூத் அதை ஜெர்மனில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

ராயபுரத்தில் நான் படித்த காலத்தில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார்கள். வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிடும். மொட்டை மாடியில் காயும் துணியை உதறித்தான் எடுக்க வேண்டும். நெட்டுக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனால் கண்ணில் தூசி விழாமல் திரும்ப முடியாது. இதையெல்லாம் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய தூசியை ஒரு ஜெர்மன்காரர் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு அவர் ரூத்தைப் பார்த்து நிதானமாகப் பேச ஆரம்பித்தார். நிறையப் பேசினார். ரூத் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“வேற எங்கயோ இருந்து வந்த மாதிரி இருக்காம்மா. எங்கேயிருந்துன்னு தேடிப் பாக்கணுமாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் ஐந்து நிமிடம் பேசியதற்கு இவள் சொன்னது இரண்டு வரி. டாக்டர் நடுவில் மூன்று முறை சொன்ன ஒரு சொல் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என் சித்தி மார்பில் கட்டி வந்து இறந்தபோது அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் வந்த புற்று வேறு இடத்துக்குப் பரவுவதற்கு அதுதான் பெயர். எனக்குப் புரிந்துவிட்டது என்பது ரூத்துக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்கு சாக்லேட் வாங்கிக் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன்.

4

அடுத்த ஐந்து வாரம் தேடினார்கள். மார்பகத்தைப் படம் எடுத்தார்கள். குடலுக்குள் குழாய் விட்டார்கள். தைராய்டு, சிறுநீரகம், தோலில் இருக்கும் மச்சங்கள்கூட. காசநோய்க்கு ரத்தம் எடுத்தார்கள், அதுவும் இல்லை. ஒவ்வொரு இடமும் சுத்தம் என்று காகிதம் வரும்போதெல்லாம் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. மூலம் கிடைக்காத கேன்சர் இன்னும் மோசம் என்று தாமஸ் எங்கோ படித்திருந்தார். என்னிடம் சொல்லாமல் சாமுவேலிடம் சொன்னார். சாமுவேல் என்னிடம் சொல்லிவிட்டான்.

நான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ரூத் அந்த வாரங்களில் வீட்டில் அதிகம் இருக்கவில்லை. தோழி வீட்டில் படிக்கிறேன் என்பாள். வீட்டில் இருந்தாலும் காதில் வயரை மாட்டிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். தமிழில் என்ன கேட்டாலும் ஜெர்மனில் ஒரு சொல்லில் பதில் வரும். இந்த நாட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்தேன். அவள் எதைத் தனியாகச் சுமக்கிறாள் என்று தெரிந்திருந்தும் அப்படித்தான் நினைத்தேன். அது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

கடைசியாக உடம்பு முழுவதையும் ஒரு ஸ்கேன். சர்க்கரை கலந்த ஏதோ மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தால், வேகமாக வளரும் கேன்சர் விளக்குப்போல எரியுமாம். என் உருண்டைகள் எரியவில்லை. மங்கலாக இருந்தன.

அந்தப் படத்தைப் பார்த்த ஒரு இளம் பெண் டாக்டர் மறுநாளே வீட்டுக்குப் போன் செய்தார். நான் நேரில் வர வேண்டும், மகளை அழைத்து வர வேண்டாம், மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்வார்கள் என்றார்.

5

மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. என் வயது இருக்கும். போனில் வந்தார். மேசை நடுவே ஸ்பீக்கரில் அவர் குரல், எதிரே இளம் டாக்டர்.

டாக்டர் ஏதோ கேட்க, போனில் அந்த அம்மா சொன்னார்: “உங்களுக்கு முந்தி வேற ஏதும் வருத்தம் இருந்ததோ எண்டு டொக்டர் கேக்கிறா. வீட்டுக்காரருக்குத் தெரியாத வருத்தம் எண்டாலும் சொல்லலாம்.”

அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய் என்பது எனக்கு அப்போது தெரியாது. மனசு சங்கடத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து வாரமாக யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

“இருக்கு,” என்றேன். “என் பொண்ணுகிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். அவளுக்கு ஒம்பது வயசிருக்கும்போது ஊருக்குப் போனோம். அப்ப எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. வீட்டுக்காரருக்குத் தெரியும். அவகிட்ட மட்டும் வயிறு சரியில்லன்னு சொன்னேன். இங்கேயும் அவ கேட்டப்ப சொல்லல.”

அந்த அம்மா அதை ஜெர்மனில் சொன்னார். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். திரையைத் திருப்பி இடுப்புப் பகுதியைக் காட்டினார்.

“படத்தில உங்களுக்குக் கர்ப்பப்பை இல்லையாம்,” என்றது போன். “ஃபோர்ம்ல சிசேரியன் மட்டும்தான் கிடக்காம். வயித்துத் தழும்பையும் எல்லாரும் சிசேரியன் எண்டு நினைச்சிட்டினமாம். ரெண்டில ஒண்டு பிழை எண்டுதான் உங்களைக் கூப்பிட்டவா. ஏன் எடுத்தவை?”

“கட்டி. ஃபைப்ராய்டு. எலுமிச்சம்பழம் மாதிரி நாலஞ்சு இருந்துச்சு.”

ஃபைப்ராய்டு என்பது மொழிபெயர்க்காமலே டாக்டருக்குப் புரிந்தது. பிறகு அவர் சொன்னதை அந்த அம்மா பொறுமையாக, வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார். கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி, கேன்சர் இல்லாதது, லட்சத்தில் யாரோ ஒருத்திக்கு ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே உருண்டை உருண்டையாக உட்கார்ந்துவிடுமாம். ஆபரேஷன் முடிந்து பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூடத் தெரியவருமாம். படத்தில் பார்த்தால் பரவிய கேன்சருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அது கொல்லும். இது பெரும்பாலும் சும்மா இருக்கும்.

“அதுதான் எண்டு இன்னும் சொல்லேலாது,” என்று எச்சரித்தார். “ஊசியால ஒரு துண்டு எடுத்துப் பாக்கோணும். அதோட, அப்ப எடுத்த கட்டியும் வேணும். அதில உண்மையிலேயே கேன்சர் இருந்து அங்க ஆரும் கவனிக்காம விட்டிருந்தால் கதை வேற.”

எட்டு வருடத்துக்கு முன்பு எடுத்த கட்டி. திருவொற்றியூரில்.

6

முதுகு வழியாக ஊசி போட்டுப் பெரிய உருண்டையில் துண்டு எடுத்தார்கள். கர்ப்பப்பைத் தசை போலவே இருக்கிறது, அமைதியாக இருக்கிறது என்று முடிவு வந்தது. பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

சாமுவேலுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் நடந்த நர்ஸிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டிஸ்சார்ஜ் காகிதங்கள் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருடத்தில் போய்விட்டன. ஆனால் ஒன்று சாமுவேலுக்கு மறக்கவில்லை.

“அந்த பாட்டிலை நான்தானேக்கா கொண்டு போனேன்! கடைப் பையில வச்சு, பைக்ல மாட்டிக்கிட்டு, ராயபுரம் லேபுக்கு. வழியெல்லாம் தளும்பிச்சு.”

லேப் மூடி நாலு வருடமாகியிருந்தது. அதை நடத்திய டாக்டர் காலமாகிவிட்டார். பக்கத்து மருந்துக்கடையில் விசாரித்து, அங்கே முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்த கஜேந்திரனின் வீட்டை சாமுவேல் கண்டுபிடித்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. போய் நின்றதும் எனக்கு வீடியோ கால் போட்டான். சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே பனியனோடு நரைத்த தலை.

“இன்னாம்மா, ஜெர்மன்ல கீறியா?” என்றார் கஜேந்திரன். “எந்த வருசம்?”

சொன்னேன். அவர் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “ஒருவழியா அந்த டப்பாவெல்லாம் தூக்கிக் கடாசு.”

“எங்க டாக்டரு சாவுறதுக்கு மின்னாடி என்கையில குட்த்தாரும்மா,” என்றார் கஜேந்திரன், பரணிலிருந்தே. “பத்து வருசம் வெச்சுகினு இரு, யாராச்சும் ஒருத்தர் வந்து கேப்பாங்கன்னாரு. நாலு வருசமா ஒருத்தனும் வர்ல. வூட்ல தெனம் பேஜாரு. மன்சங்க சதையப் பரண்ல வெச்சுகினுகீறியேன்னு.”

சுவீட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் வருடமும் மாதமும் எழுதி, உள்ளே வரிசையாக மெழுகுக் கட்டிகள். ஆபரேஷனில் எடுப்பதைச் சின்னத் துண்டுகளாக்கி மெழுகில் பதித்து வைப்பார்கள், அது எத்தனை வருடமானாலும் கெடாது என்று விளக்கினார். பக்கத்தில் ஒரு பழைய பதிவேடு. விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார்.

“எஸ்தர், க/பெ தாமஸ், வயசு நாப்பத்தி நாலு. நீதானா?”

“எனக்கு அப்ப முப்பத்தொம்பது.”

“வாய்ல வந்ததை எழுதிக்கீறானுங்க. உடு. இந்தா, மூணு கட்டி கீது.”

சாமுவேல் அவர் கையில் ஏதோ கொடுக்கப் போனான். அவர் கையை விலக்கினார்.

“அதெல்லாம் வோணாம் நைனா. அங்க பார்த்துட்டு இன்னா சொன்னாங்கன்னு ஒரு போன் போடு. இது கேன்சரு இல்லன்னு எங்க டாக்டரு எழுதிக் குட்த்தாரு. அது கரீக்டான்னு எனக்குத் தெரியணும்.”

7

மெழுகுக் கட்டி வந்து சேர்ந்த கதை தனி. ஊரில் அப்போது கத்திரி வெயில். உருகிவிடுமோ என்று பயந்து, சாமுவேலின் மனைவி ஷீபா அதைக் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பிறகு அந்த ஃப்ரிட்ஜில் இருந்த எதையும் பிள்ளைகள் தொடவில்லை. கூரியர் ஆபீசில் ‘உள்ளே என்ன’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முதல் நாள் சாமுவேல் திரும்பி வந்தான். மறுநாள் இங்கிருந்து மருத்துவமனைக் கடிதம் அனுப்பிய பிறகுதான் வாங்கினார்கள்.

இங்கே வந்ததும் வேறு சிக்கல். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் இனிஷியல். என் அப்பா ஜெபமணி. இங்கே அதை விரித்துக் குடும்பப்பெயராக்கியதால் நான் ஜெபமணி அம்மா. டப்பாவில் இருப்பதோ எஸ்தர் தாமஸ், வயதில் ஐந்து கூட. இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு எழுதினார்கள். தம்பி பைக்கில் கொண்டுபோனான் என்பதை ஆதாரமாக எப்படிக் காட்டுவது? கடைசியில் என் ரத்தத்தை எடுத்து, மெழுகுக்குள் இருப்பதோடு மரபணுவை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. நான்தான் நான் என்று சொல்லும் காகிதம் இந்த நாட்டில் என்னிடம் நிறைய இருக்கிறது. இது அதில் சேர்ந்துகொண்டது.

8

முடிவு சொல்லும் நாளில் ரூத்தும் வந்தாள். ஆபரேஷன் விஷயத்தை அதற்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். “ஓ,” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போயிருந்தாள்.

பழைய கட்டியும் நுரையீரல் உருண்டைகளும் ஒன்றேதான், இரண்டிலும் கேன்சர் இல்லை என்றார் இளம் டாக்டர். கருமுட்டைப்பையிலிருந்து வரும் ஹார்மோன்தான் இதற்குத் தீனியாம். மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவதால் தானாகவே அடங்கும், மருந்து வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றார். பெரிய டாக்டரும் எட்டிப்பார்த்து, இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை இரண்டாவது முறைதான் பார்ப்பதாகச் சொல்லிக் கைகுலுக்கினார்.

“கட்டிதான்மா. ஆனா நல்ல குணமாம்,” என்று மொழிபெயர்த்தாள் ரூத். கேன்சர் இல்லாத கட்டிக்கு ஜெர்மனில் சொல் அப்படித்தான் இருக்கிறது.

மருத்துவமனைக் கேன்டீனில் உட்கார்ந்தோம். ரூத் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

“நீ அன்னிக்கு ம்னு சொல்லாம இருந்திருந்தா, முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பாங்க,” என்றாள். “அஞ்சு வாரம்மா.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது. முதல் நாள் அவர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியாது. குணப்படுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம்னு சொன்னாரு. நான் உங்கிட்ட அதைச் சொல்லல.”

“அந்த வார்த்தை எனக்குத் தெரியும், ரூத்து. சித்திக்கு வந்தப்பவே தெரியும்.”

கலக்குவதை நிறுத்தினாள்.

“அன்னிக்கே புரிஞ்சுதா?”

“ம்.”

“அப்புறம் ஏன் சாக்லேட்டைச் சாப்பிட்ட?”

“நீ வாங்கிக் கொடுத்த.”

அவள் முகம் கோணிற்று. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அழுதாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தி என்று நினைத்து மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் அவள் கையை உருவிக்கொள்ளாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கஜேந்திரனுக்குப் போன் செய்தேன். உங்கள் டாக்டர் பார்த்தது சரி, கேன்சர் இல்லை என்றேன். அவர் போனை விலக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் கத்தினார். “கேட்டுக்கினியா? எங்க டாக்டரு பார்த்தது கரீக்டாம்! ஜெர்மன்காரனே சொல்ட்டான்!”

9

இதுதான் நடந்தது. சாட்சி சொல்ல அழைப்பவர்கள் இதைப் படித்துக்கொள்ளலாம். உருண்டைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு சுருங்கிவிட்டன, மற்றவை அப்படியே. அவற்றோடுதான் மாடி ஏறுகிறேன்.

ரூத் இப்போது லைப்ஸிக்கில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் பேசுவாள். சாப்பிட்டாயா, குளிரா, சரி. அதற்குமேல் பேச அவளிடம் தமிழ் இல்லை, என்னிடம் ஜெர்மன் இல்லை.

போன புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். புதன்கிழமை அவள் கூப்பிடுவதே இல்லை. கைத்துணியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

“ஒண்ணும் இல்லம்மா, பயப்படாத,” என்றாள். “மாசாமாசம் ரெண்டு நாள் எழுந்திருக்கவே முடியல. ரொம்பப் போகுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். முதல்ல உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு.” கொஞ்சம் தயங்கினாள். “உனக்கு எப்படி ஆரம்பிச்சது?”

சமையலறையில் ஐம்பது பேருக்கான சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கூட வேலை செய்யும் பெண்ணிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“எவ்வளவு நேரம் இருக்கு உனக்கு?”

“இருக்கு. சொல்லு.”

“நாம இங்க வந்த ரெண்டாவது வருஷம்,” என்று ஆரம்பித்தேன். “உன்னை கிண்டர்கார்டன்ல விட்டுட்டு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு சாம்பல் கலர் பாவாடை போட்டிருந்தேன். பின்னாடி கறையாயிடுச்சு. எனக்கு ரொம்ப வெட்கமா இருந்துச்சு...”